குப்பியார் கறுத்த கதை

ஊருக்கே குடிநீர் தரும் கிணறு, தன்னைச் சோதிக்க வந்த விரல் உயரக் குப்பியைப் பார்த்துச் சிரித்தது. "ஏய் சுண்டைக்கா, என் அடியில கிடக்கிற கூழாங்கல்லே தெரியுது. எங்கிட்ட என்னத்தைத் தேடுவே?"

குப்பி ஒரு வாய் நீர் வாங்கிக்கொண்டது. "நாளைக்குப் பாருங்கண்ணே."

"பாருங்கண்ணேயாம்!" கீச்சுக்குரலில் பழித்துக் காட்டியது வாளி.

மறுநாள் குப்பிக்குள் நீர் மை போலக் கறுத்திருந்தது.

"இது எனக்குள்ளயா இருந்துச்சு?" என்றது கிணறு. "பிள்ளைங்க இதையா குடிச்சாங்க?"

"ஆமாண்ணே. கண்ணுக்குத் தெரியாத கிருமி. அது இருந்தா எனக்குள்ள இருக்கிற மருந்து கறுத்துடும். வைத்தியம் இருக்கு."

பிளீச்சிங் பவுடரும் மணலும் நிரப்பிய ஓட்டைப் பானை கயிற்றில் இறங்கியது. நெடி தாங்காமல் கிணறு கமறியது. ஆனாலும் பானையை விடவில்லை.

இரண்டு நாள் கழித்து, தண்ணீர் மொள்ள வாளி குதிக்க வந்தது.

"நில்லுடா!" என்றது கிணறு. "அடுத்த குப்பியார் வந்து, கறுக்காம நிக்கட்டும். அப்புறம் எறங்கு."