கட்டமாய்ப் போன காந்தாரம்

கணினித் திரையில் ஒரு பாட்டின் சுரங்கள் வரிசையாக நின்றன. திடீரென்று எழுத்துருவில் ஏதோ கோளாறு. காந்தாரம் மட்டும் வெறும் கட்டமாகத் தெரிந்தது.

“தள்ளி நில்லு. உன்னோட சேர்த்து என்னையும் அழிச்சிடப் போறாங்க” என்றது பக்கத்திலிருந்த பஞ்சமம்.

“அக்கா, நான் அதே காந்தாரம்தான். நீங்களாவது சொல்லுங்களேன்.”

பஞ்சமம் வாய் திறக்கவில்லை.

அம்புக்குறி வந்து கட்டத்தைத் தொட்டது. பாட்டு எழுதுகிறவள், அழிப்பதற்கு முன் ஒருமுறை ஒலிக்கவிட்டாள். காந்தாரம் பிசகாமல் ஒலித்தது.

“சரியாத்தானே கேட்குது? இன்னொரு தடவை கட்டம் வந்தா அழிச்சிட வேண்டியதுதான்” என்று மென்பொருளை மூடித் திறந்தாள்.

காந்தாரம் பழையபடி தெரிந்தது. இப்போது பஞ்சமம் கட்டமாகியிருந்தது.

“தங்கச்சி, நீ சொல்லும்மா” என்றது அது.

அம்புக்குறி மறுபடியும் நகர்ந்து வந்தது. காந்தாரத்துக்கும் வாய் திறக்கப் பயமாக இருந்தது.