கட்டு மேல் வைத்த தோல்

சானியாவின் பாதம் மேகலாவின் உள்ளங்கையை விட்டு மேலே போனது.

போனவள் போய்க்கொண்டே இருந்தாள்.

வேலூர் உள்விளையாட்டு அரங்கில் அத்தனை பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மேகலாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீருக்குள் முங்கி மேலே பார்ப்பது போல இருந்தது. உயரத்தில் தகரக் கூரை, கூரையில் விளக்குகள், விளக்குகளுக்கு நடுவே கறுப்பு ஸ்கார்ஃபை இறுக்கிக் குத்திய ஒரு சின்னத் தலை.

அந்த இடம் போன மாதம் வரைக்கும் மேகலாவுடையது.

ஆம்பூரில் அவர்கள் பள்ளியில் சியர்லீடிங்குக்கு இரண்டு அணிகள் இருந்தன. மேல் பிரிவில் உச்சியில் பறந்தவள் சானியா. கற்றுக்குட்டிகளின் பிகினர் பிரிவில் பறந்தவள் மேகலா. மேல் பிரிவு அக்காமார்கள் பிளஸ் டூ முடித்து ஆளுக்கொரு காலேஜுக்குப் போய்விட, அந்த அணியே கலைந்துபோனது. மிஞ்சியவள் சானியா ஒருத்திதான்.

கோச் ராமமூர்த்தி சார் யோசிக்கவே இல்லை. அவளைக் கொண்டுவந்து பிகினர் அணியின் உச்சியில் ஏற்றினார். மேகலாவைக் கீழே இறக்கி, தூக்கிப் போட்டுப் பிடிக்கிற மூன்று பேரில் ஒருத்தியாக்கினார். இது எந்த ஊர் நியாயம் என்று மேகலா வீட்டில் அழுது தீர்த்தாள். சாரிடம் கேட்க வாய் வரவில்லை.

சானியாவாவது கேட்டிருக்கலாம். அவளும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் மேகலாவுக்குப் பொறுக்கவில்லை.

சாருக்கு இருந்தது ஒரே பயம். சானியா பழக்கதோஷத்தில் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் கதை கந்தல். பிகினர் பிரிவில் நேராகப் போய் நேராக வந்து விழ வேண்டும், அவ்வளவுதான். சுற்றினால் பாயிண்ட்டை வெட்டுவார்கள். அதோடு விடாமல், சுற்றியவளை மேல் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். இந்த வருஷம் மறுபடி பிகினர் பிரிவில் ஆட முடியாது; உச்சிக்குப் பழையபடி மேகலாதான். மேல் பிரிவில் அணியே இல்லாதவள் அப்புறம் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சார் இதை பஸ் ஏறும்போதும் சொன்னார், இறங்கும்போதும் சொன்னார்.

சானியா தலையை மட்டும் ஆட்டினாள்.

இவர்களுக்கு முன்னால் ஆடியது குடியாத்தத்துப் பிள்ளைகள். பாவம், உச்சிக்கு ஏறிய பொடிசு பாதியில் சறுக்கி, கீழே இருந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அப்படியும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கியது. இந்தப் பிள்ளைகளோடு சானியாவா போட்டி என்று மேகலாவுக்கே கூச்சமாக இருந்தது.

அந்தக் கூச்சமும் மனத்தாங்கலும் சேர்ந்து, ஷூ லேஸ் கட்டும்போது பக்கத்திலிருந்த, கூடவே தூக்கிப் பிடிக்கிற பூங்குழலியிடம் கொட்டிவிட்டாள்.

"அவ இன்னாடி பெரிய இது? கட்டு மேல வெச்ச தோலு."

ஆம்பூரில் இதற்கு மேல் ஒருத்தியைத் திட்ட வேண்டியதில்லை. மட்டமான தோல்களைக் கட்டாகக் கட்டி, வாங்குகிறவன் கண்ணில் படும்படி மேலே மட்டும் ஒரு நல்ல தோலை வைத்துத் தள்ளிவிடுகிற வேலை அது. மேகலாவின் அப்பா கன்னியப்பனுக்குத் தொழிற்சாலையில் தோல் ரகம் பிரிக்கிற வேலை. அப்படி ஒரு கட்டு வந்து சேர்ந்த நாளில் அவருக்கு ராத்திரிச் சோறு இறங்காது. கட்டைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவன் முட்டாள் என்று புலம்புவார். அதற்கு அந்த நல்ல தோல் என்ன பாவம் செய்தது என்று அம்மா கேட்பாள்.

சொல்லி முடித்த பிறகுதான், அப்படியென்றால் அடியில் கிடக்கிற மட்டத் தோல் நாமா என்று மேகலாவுக்கு உறைத்தது. பூங்குழலிக்கும் உறைத்திருக்க வேண்டும். உம்மென்று எழுந்து போய்விட்டாள்.

நல்லவேளை, சானியா அங்கே இல்லை. தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் இருந்த குழாயில் முகம் கழுவப் போயிருந்தாள்.

இப்போது சானியா உச்சியில் நின்றுவிட்டாள்.

தூக்கிப் போட்டது எதுவும் விழுவதற்கு முன்னால் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் அவளுக்கு எடையே இல்லை. அங்கிருந்து மேகலாவைப் பார்த்தாள். சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு சுற்றினாள்.

கொஞ்சமும் அவசரமில்லாமல், தூக்கத்தில் புரண்டு படுக்கிறவள் போலச் சுற்றினாள். வெளிச்சம் அவள் தோளில் ஏறி முதுகில் இறங்கியது. அவ்வளவு அழகாக இருந்தது. இப்படி ஒன்று தனக்கு எந்தக் காலத்திலும் வராது என்று மேகலாவுக்குத் தெரிந்துபோனது. அந்த நேரத்தில் அதற்காக வருத்தம்கூட வரவில்லை.

முதல் சுற்றைப் பழக்கதோஷம் என்று சொல்லியிருக்கலாம். சானியா இரண்டாவதும் சுற்றினாள்.

ஓரத்தில் சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவர் மேசையில் ஒரு கை உயர்ந்தது.

சானியா வந்து விழுந்தாள். மூன்று பேரும் பிடித்தார்கள். அவளுடைய ஒரு கை மேகலாவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கன்னத்தில் உரசிய ஸ்கார்ஃபின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

"கட்டைப் பிரிச்சிட்டேன்டி," என்றாள், மேகலாவின் காதுக்கு மட்டும்.

மற்ற இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். சானியாவின் எடை முழுக்க மேகலாவின் மேல் இறங்கியது.

மேகலா அவளை இறக்கிவிடவில்லை.