மாதம் ஒரு மொட்டைக் கடிதம்

"எவன் சார் அவன்? பேரை மட்டும் சொல்லுங்க, இன்னிக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பிடறேன்!"

நயீம் அகமது மேஜையில் ஓங்கித் தட்டினார். டீ கிளாஸ் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

எதிரே உட்கார்ந்திருந்த பாக்டரி இன்ஸ்பெக்டர் சாந்தகுமார், கையிலிருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ஆம்பூரில் நயீம் அகமது மானேஜராக இருக்கும் தோல் தொழிற்சாலையைப் பற்றி அவருடைய வேலூர் ஆபீசுக்கு வந்த மூன்றாவது மொட்டைக் கடிதம் அது. மாதம் ஒன்று, தவறாமல் வந்துகொண்டிருந்தது.

"மொட்டைக் கடுதாசியில பேர் எங்க பாய் இருக்கும்? எழுதினவனை விடுங்க. விஷயம் நிஜமான்னு பார்ப்போம், வாங்க."

விஷயம் நிஜம்தான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

போபாலில் விஷவாயு கசிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ரசாயனம் புழங்கும் இடங்களில் வாயு கசிந்தால் ஆட்களை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று சாந்தகுமாரின் ஆபீஸ் எல்லாரிடமும் திட்டம் கேட்டிருந்தது. இவர்களும் ஒன்பது பக்கத்துக்கு அழகாக டைப் அடித்துக் கொடுத்திருந்தார்கள். காகிதத்தில் எல்லாம் இருந்தது. கம்பெனியில்தான் ஒன்றும் இல்லை.

சல்பைடு டிரம்மும் ஆசிட் கேனும் ஒரே அறையில் உரசிக்கொண்டு நிற்கின்றன, இரண்டும் கலந்தால் கிளம்பும் வாயு ஆளைச் சாய்த்துவிடும் என்றது முதல் கடிதம். தப்பி ஓட வேண்டிய பின்வாசல் வெளியே பூட்டியிருக்கிறது என்றது இரண்டாவது. இந்த மூன்றாவது, 'ஐயா, அபாயச் சங்கு ஊதினால் பின்தெருவுக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் எங்களுக்கே கேட்காது' என்றது.

சாந்தகுமார் சங்கின் பொத்தானை அழுத்தினார். சளி பிடித்த ஆடு மாதிரி ஒரு முனகல் முனகிவிட்டு அது ஓய்ந்தது.

"நோட்டீஸ் அனுப்பித்தான் ஆகணும் பாய்."

"அனுப்புங்க, அனுப்புங்க! எங்க பெரிய பாய் பேருக்கே அனுப்புங்க. அவர்தானே ஓனர்! மெட்ராஸ்ல ஜம்முனு ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்காரு. பேஜார் எல்லாம் எனக்கு! ஜெயிலு கியிலுன்னு நாலு வரி ஜாஸ்தியாவே போடுங்க. அவருக்கும் வயிறு கலங்கட்டும்!"

ஆத்திரத்தில் பேசுகிற மனுஷனிடம் வாய் கொடுப்பானேன் என்று சாந்தகுமார் பேசாமல் வந்துவிட்டார். ஆனால் ஜெயில் வரிகளை மறக்காமல் சேர்த்தார். பத்தாம் நாள் மெட்ராசிலிருந்து புதுச் சங்கு லாரியில் வந்து இறங்கியது.

கடிதம் எழுதுவது யார் என்று அவருக்கு ஓர் ஊகம் இருந்தது. பச்சையப்பன். முதல் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, சுண்ணாம்புத் தொட்டியின் கால்வாயைக் கழுவ இறங்கி மூச்சடைத்து விழுந்த தொழிலாளி. நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். அவருக்கில்லாத அக்கறை வேறு யாருக்கு இருக்கும்?

நாலாவது கடிதம் வந்தது. இருக்கிற ஆறு வாயு முகமூடியிலும் ரப்பர் வெடித்துக் கிடக்கிறது என்று தகவல். விசாரிக்க வந்த சாந்தகுமார், பச்சையப்பனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பயப்படாதப்பா. நீ செய்யறது நல்ல காரியம். என் வாயிலேர்ந்து உன் பேர் வராது."

"நான் இன்னா சார் செஞ்சேன்?"

"அதான், கடுதாசி."

"அய்யோ சார்! கூலி வாங்கவே பெருவிரல் வைக்கிறவன் நானு. போஸ்டாபீஸ் எந்தப் பக்கம் இருக்குதுன்னுகூடத் தெரியாது!"

என்ன நடிப்பு என்று சாந்தகுமார் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

முகமூடிகளும் வந்தன. நயீம் அகமது வழக்கம்போல் குதித்தார். "எழுதற கையை ஒடிக்கணும் சார்!"

ஜூலையில் ஒத்திகை வைத்தார்கள். சங்கு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. நூற்றிருபது பேரும் பின்வாசல் வழியாக மூன்றே நிமிஷத்தில் மைதானத்துக்கு வந்து நின்றார்கள். பச்சையப்பன்தான் முதல் ஆள்.

ஆகஸ்டில் கடிதம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தார், இரண்டு வாரம் பார்த்தார். வாணியம்பாடிக்குப் போகிற வழியில் சாந்தகுமார் கம்பெனியில் எட்டிப் பார்த்தார். நல்ல சேதியை நேரிலேயே சொல்லிவிடலாமே.

"பாய், இனிமே உங்களுக்கு நிம்மதி. இந்த மாசம் மொட்டைக் கடுதாசி வரலை. ஃபைலை மூடிடப் போறேன். என் தொல்லை விட்டுதுன்னு வச்சுக்குங்க."

பிரியாணிக்குச் சொல்லி அனுப்புவார் என்று எதிர்பார்த்தார். நயீம் அகமதுவோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"வரலியா? அதெப்படி சார் வராம இருக்கும்? திங்கக்கிழமை என் கையாலயே போஸ்ட் பண்ணேனே!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் கேட்டா பெரிய பாய் ஒரு பல்புகூட வாங்கித் தர மாட்டாரு சார்" என்றார் நயீம் அகமது, குரலைத் தாழ்த்தி. "சர்க்கார் கேட்டா லாரியில வந்து இறங்குது."

சாந்தகுமார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பேனாவைத் திறந்தார்.

"தபால் வர்றப்ப வரட்டும் பாய். அதுல என்ன எழுதியிருந்தீங்க, சொல்லுங்க."