மாமா தேய்த்த பதக்கம்

நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே இல்லை. முதலில் என் அத்தை மேல் கொஞ்சம் கோபப்படுங்கள்.

அத்தை வெண்கலப் பதக்கங்கள் சேர்ப்பவள். ஓடி ஜெயித்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் புராணக் காட்சிகள் புடைத்து நிற்கும்படி வார்த்தவை. அவற்றில் அவளுக்கு உயிர், கிரேக்கப் புராணத்துக் கிழத் தம்பதி ஒன்று. சேர்ந்தே சாக வேண்டும் என்று வரம் வாங்கி, விரல் நுனியில் இலை துளிர்க்க, ஒருவரையொருவர் பார்த்தபடியே மரமாகிறார்கள்.

கறுத்துக் கிடந்த அந்தப் பதக்கத்தை, அவள் பிறந்தநாளுக்காக மாமா நாள் முழுக்கப் பாலிஷ் போட்டுத் தேய்த்தார். கண்ணாடி தோற்றது.

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள் அத்தை. அன்றைக்கே பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவளைப் போலப் பதக்கம் சேர்ப்பவர்களின் சங்கத்தார் வந்து கேட்டாலும் காட்டுவதில்லை.

"நான் தொட்டுட்டேன்ல, அதான் பிடிக்கல" என்று மாமாவின் முகம் தொங்கிப்போனது.

"விடுங்க மாமா. அவங்க கையாலயே வெளியே எடுக்க வைக்கிறேன்" என்றேன்.

சங்கத் தலைவரின் குரல் எனக்கு அத்துப்படி. மூக்கால் பேச்சு, நடுநடுவே செருமல். மாடி அறைக் கதவைச் சாத்தி, அத்தைக்குத் தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். மாமா அதற்குள் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டார்.

இதோ, சிரிப்பு வரும் இடம்.

"க்கும்... தலைவர் பேசறேம்மா. கண்காட்சிக்கு அந்தக் கிழத் தம்பதி வந்தே ஆகணும். க்கும்!"

"ஐயா, தொண்டை இன்னும் சரியாகலையா? வெந்நீர் குடிங்க."

தலையணை குலுங்கியது.

"க்கும்... பேச்சை மாத்தாதீங்க. பதக்கம் எங்கே?"

அத்தை குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அது போச்சுங்கய்யா. செஞ்சவர் பக்குவமா ஏத்தின கறுப்பு மொத்தமும் போச்சு. அந்த நிழல் இருந்தாத்தானே முகம் தெரியும்? கிழவி மூக்கே தேஞ்சுடுச்சு."

"க்கும்... யார் பண்ணது?"

"எங்க வீட்டுக்காரர். எனக்காகத்தான். விரலெல்லாம் கொப்புளம், முகமெல்லாம் சிரிப்பு. நான் என்னன்னு சொல்ல? வெளியே எடுத்தா உங்கள்ல யாராவது, 'எந்த மடையன் தேய்ச்சான்'னு கேட்டுடுவீங்க. மனுஷன் தாங்கமாட்டார். பதக்கம் போனா போகட்டும். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."



மாமா தலையணையை மெல்லக் கீழே வைத்தார். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா? இருக்கீங்களா?" என்றாள் அத்தை.

மாமா என் காதருகே குனிந்து, அவசரமாகக் கிசுகிசுத்தார்.

"சொல்லமாட்டோம்னு சொல்லு."