மைக்கை மூடத் தெரியாத மனிசி

"உந்த மனிசிக்கு மைக்கைத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. இதுக்குள்ளை சம்பந்தம் பேச வந்திட்டா!"

நான்தான் சொன்னனான். ஏன் சொல்லக்கூடாது? கம்ப்யூட்டருக்கு முன்னாலை இருந்து வாயைத் திறந்து திறந்து மூடுறா, ஒரு சத்தம் வெளியாலை வரேல்லை. தொட்டிக்குள்ளை மீன் நிக்கிற மாதிரி.

பொறுங்கோ, முதலிலை இருந்து சொல்லுறன்.

என்ரை பேத்தி யோகாவுக்குக் கனடாவிலை ஒரு சம்பந்தம். மெல்பேர்ண் நித்தியானந்தன் கொண்டு வந்தது. அவன் கலியாணப் புரோக்கர். கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வாற சனத்திலை அரைவாசிக்கு அவன்தான் முடிச்சு வைச்சவன். தனக்கு மட்டும் ஐம்பது வயசாகியும் ஒண்டும் பொருந்தேல்லை. அது வேறை கதை, விடுங்கோ.

ஞாயிற்றுக்கிழமை காலமை கூட்டம். டூங்கபியிலை எங்கடை வீட்டிலை நாங்கள், டொரொன்டோவிலை பெடியன்ரை தாய் இரஞ்சிதம், மெல்பேர்ணிலை நித்தியானந்தன். அவன்ரை குரல் மட்டும்தான், படம் இல்லை.

கம்ப்யூட்டரை இயக்கிறது என்ரை மோன் இந்திரகுமார், யோகாவின்ரை தேப்பன். பாங்கிலை பதினெட்டு வருசம் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கு நான் முதலே சொல்லிப்போட்டன்.

"தம்பி, வீட்டுக் கதை கதைக்கிறதெண்டால் மைக்கை அமத்திப்போட்டுக் கதை. விக்னராஜா வீட்டுக் கூத்து ஞாபகம் இருக்கோ?"

அந்தாள் போன மாசம் கம்ப்யூட்டரிலை தேவார வகுப்பு வைச்சது. பிள்ளையளைப் பாடச் சொல்லிப்போட்டு, மைக்கை மூடாமல் நித்திரை கொண்டிட்டுது. குறட்டை நாலு நாட்டுக்குக் கேட்டது. பாவம், ரியூசன் ரீச்சரா இருந்த மனிசன், நல்ல குரல்... சரி, அதை விடுவம்.

இரஞ்சிதம் குசினிக்குள்ளை இருந்துதான் கதைச்சா. பின்னாலை சோத்துப் பானை. பட்டுச் சீலைக்கு மேலை ஒரு தடிச்ச ஜாக்கெட், பஸ்ஸுக்கு நிக்கிறவ மாதிரி. ஒரு சபை சந்தி தெரியாத சனம் எண்டு எனக்கு அப்பவே விளங்கீட்டுது.

நாலு கதை கதைச்சிட்டு மெதுவாக் கேட்டா.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. பிள்ளைக்கு முந்தி ஏதும் பேசி நடந்ததோ?"

யோகாவுக்கு முந்தி ஒரு லண்டன் பெடியனோடை எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, நடந்தது. தாலி கட்ட முதலே குழம்பிப் போச்சு. இது தெரிஞ்சால் எந்தச் சனம் கிட்ட வரும்? பிள்ளைக்கு முப்பதாகப் போகுது.

"ஒரு நிமிசம், அக்கா," எண்டு சொல்லிப்போட்டு இந்திரகுமார் பட்டனை அமத்தினான்.

"மைக் ஓஃப். இனிக் கதையுங்கோ."

"ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லு," எண்டன் நான். "எழுத்துக் குழம்பின கதையை வாய் தவறிக்கூடச் சொல்லாதை."

"அப்பம்மா, எழுத்து நடந்தது, முறிஞ்சது. அதிலை என்ன வெக்கம்?" யோகா எழும்பி நிண்டுட்டாள். "அப்பா, சொல்லுங்கோ. ஐ வோன்ட் லை."

"நீ வாயை மூடிக்கொண்டு இரு. பொய் சொல்லுறது நாங்கள். உனக்கென்ன நட்டம்?"

"இந்தக் கலியாணம் இல்லாட்டிலும் பரவாயில்லை, அப்பம்மா. பொய் சொல்லி என்னாலை போகேலாது."

அப்பதான் இரஞ்சிதத்தைப் பாத்தன். வாய் அசையுது, சத்தம் இல்லை. கையை ஆட்டுறா. காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறா.

"பார், தன்ரை மைக்கை மூடிப்போட்டுக் கத்துது பேய் மனிசி," எண்டன்.

இந்திரகுமார் சிரிச்சான். "உதுகளுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடு, அம்மா. பட்டிக்காடு."

"சமையல்கட்டுக்குள்ளை இருந்து சம்பந்தம் பேசுற சனத்துக்கு உண்மை ஒண்டுதான் குறைச்சல். இல்லை எண்டு சொல்லு, முடிஞ்சுது."

யோகா அழுதுகொண்டு கதிரையிலை இருந்தாள். இந்திரகுமார் பட்டனைத் திரும்ப அமத்த, சத்தம் வந்தது.

"அக்கா, நீங்கள் கேட்டது... அப்பிடி ஒண்டும்..."

"நில்லுங்கோ, தம்பி," எண்டா இரஞ்சிதம். "இஞ்சை ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் வேலை செய்யேல்லை. ஒண்டும் கேக்கேல்லை. நான் கேட்டதுக்கு மறுமொழியும் வேண்டாம். பிள்ளை எங்களுக்கு ஓம்."

பாத்தியளோ விசர் மனிசியை! தான் கேட்ட கேள்வியையே விட்டிட்டு ஓம் எண்டிட்டுது. கும்பிட வேண்டிய பேய்த்தனம். நான் உடனை கேசரி கிண்டினன்.

பின்னேரம் நித்தியானந்தன் போன் எடுத்தான்.

"அன்ரி, தம்பி அமத்தினது மைக்கை இல்லை. உங்கடை ஸ்பீக்கரை. நீங்கள் கதைச்சது முழுக்க எங்களுக்குக் கேட்டது. நாங்கள் கத்தினதுதான் உங்களுக்குக் கேக்கேல்லை."



"அவ... அவ என்ன கத்தினவ?"

"'மைக்கை மூடுங்கோ, எல்லாம் கேக்குது' எண்டுதான். காதைத் தொட்டுக் காட்டினாவே."

"அப்ப ஏன் மோனை ஓம் எண்டவ?"



"நானும் அதைத்தான் கேட்டனான், அன்ரி. 'அந்த வீட்டிலை பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். கெதியா அதை அங்கை இருந்து எடுக்க வேணும்' எண்டா."