பதினாறும் உடையவில்லை

"உடைஞ்சாதான் பிரயோஜனம். உடையலேன்னா வீண். அது என்ன, சொல்லு பார்க்கலாம்?"

"தேங்காய்!" என்றாள் ரோஹிணி.

"இல்ல."

"முட்டை?"

"அதுவும் இல்ல. டிரயல் பீஸ்."

"போம்மா, இதெல்லாம் ஒரு விடுகதையா!"

துர்காதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆந்திராவில் ஏர்பேடு பக்கத்தில், உலோகத்தைக் காய்ச்சி அழுத்தி வால்வு பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவள் இன்ஜினியர். சனிக்கிழமை பள்ளி அரை நாள்தான் என்பதால் மகளைத் தன் அறையிலேயே உட்கார வைத்திருந்தாள்.

மேஜை மேல் பதினாறு உலோகத் துண்டுகள் இருந்தன. ஒன்றில்கூட விரிசல் இல்லை. அதுதான் அவள் தலைவலி.

நிக்கல் கலந்த புது உலோகம். எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் அழுத்தினால் விரிசல் விடாது என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தப்பாக எழுதினால் லோடு லோடாகச் சரக்கு வீணாகும், ஆர்டரும் போய்விடும். அதற்காக நாலு சூடு, நாலு வேகம் என்று பதினாறு விதமாக அழுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தாள். எங்கே உடைகிறது என்று தெரிந்தால்தானே எங்கே உடையாது என்று சொல்ல முடியும்?

கூப்பிட்டு அனுப்பியிருந்த பிரஸ் ஆபரேட்டர் சுந்தர்சிங் வந்து நின்றார். இருபது வருஷம் அந்த பிரஸ்ஸோடு வேலை செய்தவர்.

"சுந்தர்சிங் காரு, இது பதினாறாவது பீஸ். இருக்கிறதிலேயே குறைஞ்ச சூடு, இருக்கிறதிலேயே அதிக வேகம். இதுகூடவா உடையல?"

"உடையல மேடம். நல்ல சரக்கு."

"சந்தைல கத்திரிக்கா விக்கிற மாதிரி பேசாதீங்க! குறைஞ்ச சூட்டுல போட்டதும் நல்லாக் காய்ச்சினதும் ஒரே மாதிரி கருத்திருக்கு. எல்லாத்தையும் ஒரே சூட்டுல மெதுவா அழுத்திட்டு, நம்பரை மட்டும் மாத்திக் குத்தியிருக்கீங்க. ஆமாவா, இல்லையா?"

சுந்தர்சிங் மின்விசிறியைப் பார்த்தார்.

"மூணு நாள் கரன்ட், மூணு நாள் என் உயிர், எல்லாம் தண்டம்! உங்களுக்குச் சோம்பல்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

சோம்பல் என்ற சொல் அவரைச் சுட்டிருக்க வேண்டும். விறுவிறு என்று வெளியே போனவர், தன் சாப்பாட்டுப் பையோடு திரும்பி வந்தார். உள்ளேயிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து மேஜை மேல் பிரித்தார். ஏழு துண்டுகள். ஒவ்வொன்றின் ஓரமும் வெடித்த வெள்ளரிப்பழம்போல் பிளந்திருந்தது. ஒவ்வொன்றிலும் நம்பர் குத்தியிருந்தது.

"நீங்க சொன்னா மாதிரியேதான் பதினாறும் அடிச்சேன். இந்த ஏழும் வாயப் பொளந்துக்கினுச்சு. வேற ஏழு அடிச்சு வெச்சேன். இதைத் தூக்கிப் போடவும் மனசு வரல."

"ஐயோ, எனக்கு வேண்டியதே இதுதானே! இதைப் போய் ஏன் மறைச்சீங்க?"

"வாசல்ல பலகை கீதே மேடம்."

ஆறு மாதத்துக்கு முன் துர்காதேவிதான் அந்தப் பலகையை மாட்டினாள். யார் கையில் ஒரு பீஸ் விரிசல் விட்டாலும் அவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. திங்கட்கிழமை காலையில், எல்லோர் முன்னாலும் அவளே பெயர்களைப் படிப்பாள்.

"டிரயல் பீஸுக்கு யாராவது கோடு போடுவாங்களா?"

"பலகையில 'விரிசல்'னுதான் எழுதிக்கீது. டிரயலுக்கு இல்லன்னு எங்க எழுதிக்கீது? போன மாசம் அருள்குமாருக்கு மூணு கோடு. கேன்டீன்ல இன்னும் அவன நாமம், நாமம்னுதான் கூப்புட்றானுங்க. எனக்கு ஏழுன்னா, ரெண்டு நாமம் போக ஒரு கோடு மிச்சம். நான் சர்ச்சுக்குப் போறவன் மேடம்!"

ரோஹிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

துர்காதேவி சிரிக்கவில்லை. மாதா மாதம் பலகையில் கோடுகள் குறைந்துகொண்டுதான் வந்தன. எல்லாம் தன் பலகையின் மகிமை என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். உண்மையில் குறைந்தது விரிசலா, அதை வந்து சொல்கிறவர்களா?

எழுந்து போனாள். ஒரு ஈரத்துணியால் பலகையைத் தன் கையாலேயே துடைத்தாள். சுந்தர்சிங்கும் ரோஹிணியும் பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே கோடு கிடையாது. பேர் படிக்கிறதும் கிடையாது. உடைஞ்சதை எடுத்துக்கிட்டு நேரா என்கிட்ட வாங்க. பயந்துக்கிட்டு மறைச்சா நான் எதைச் சரி பண்றது?"

"நெஜமாவா மேடம்?"

"நெஜமா. தப்பு என்னோடது."

"அப்போ கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அருள்குமார் இன்னிக்கு டீ வாங்கித் தருவான்" என்று சொல்லிவிட்டு சுந்தர்சிங் பிரஸ் பக்கம் போனார்.

அறைக்குத் திரும்பி, உடைந்த ஏழுக்கும் வரைபடத் தாளில் சிவப்புப் புள்ளி வைத்தவுடன் கணக்கு சரியாக வந்துவிட்டது. விரிசல் விடாத சூடும் வேகமும் தாளில் பளிச்சென்று தெரிந்தன. துர்காதேவி கையெழுத்துப் போட்டு, தாளை மேனேஜர் அறையில் வைத்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். மூன்று நாள் எரிச்சல் முழுக்க இறங்கியிருந்தது.

"ஆமா, உன் கணக்குப் பரீட்சை பேப்பர் குடுத்துட்டாங்களா?"

ரோஹிணி அம்மாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். போன பரீட்சை மார்க்கை அதிலிருந்துதான் அம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சித்தூர் மாமாவிலிருந்து நாகலாபுரம் பெரியம்மா வரை எல்லோரும் படித்தார்கள்.

"இன்னும் குடுக்கலம்மா" என்றாள்.

நூற்றுக்குப் பன்னிரண்டு மார்க் வாங்கிய பேப்பர் அவள் பைக்குள்ளேயே இருந்தது.