மூணு ராத்திரி எரியணும்

மணி இரண்டு. வயிறு கபகபவென்றது. சாப்பிடப் போகலாம் என்று சசிகுமார் ஷட்டரைப் பாதி இறக்கியபோது அந்தப் பெண் மறுபடியும் வந்து நின்றாள்.

நாலாவது தடவை.

நெய்வேலி மெயின் பஜாரில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறவனுக்கு ஏற்கெனவே பொறுமை குறைச்சல்தான். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்தில் இன்வெர்ட்டர் வாங்க எத்தனை பேர் வருவார்கள்? ஏதோ பைக், கார் பேட்டரியில் பொழுது ஓடுகிறது. இதில் இவள் கேட்டது படகுக்குப் பேட்டரி.

பெயர் மணிமொழி. டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் குப்பை அள்ளுகிறாள். காலை ஷிஃப்ட் முடிந்ததும் பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக இங்கே வந்துவிடுவாள். கடலூர் பக்கம் ஒரு குப்பம்தான் சொந்த ஊராம். அங்கே சின்ன ஃபைபர் படகாம். அதில் ஒரு லைட்டு, ஒரு வயர்லெஸ், ஒரு ஜிபிஎஸ், போனுக்குச் சார்ஜ் போட ஒரு பாயின்ட்.

முதல் நாள் சசிகுமார் உற்சாகமாகத்தான் விளக்கினான். இஞ்சின் பேட்டரியில் இதையெல்லாம் மாட்டாதே, இதற்குத் தனியாக ஒன்று வை என்றான். சீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு கார் பேட்டரியை எடுத்து வைத்தான்.

"இதுல லைட்டு எத்தினி ராத்திரி எரியும்ணே?"

"ஒரு ராத்திரி தாராளமா எரியும்."

"மூணு ராத்திரி எரியணும்ங்க."

யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாள்.

அடுத்த தடவை, இன்வெர்ட்டருக்குப் போடுகிற பெரிய பேட்டரியைக் காட்டினான். அவள் குனிந்து தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அலையில் படகு சாய்ந்தால் உள்ளே இருக்கிற ஆசிட் கொட்டுமா என்று கேட்டாள். கொட்டலாம் என்று வாய் தவறி உண்மையைச் சொன்னான். அதுவும் வேண்டாம் என்றாள்.

மூன்றாவது தடவை சீல் வைத்த பேட்டரி. இதில் ஒரு சொட்டு வெளியே வராது என்றான். படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்றாள். உப்புத் தண்ணீர் பட்டால் முனை எத்தனை நாளில் பூத்து அரிக்கும் என்றாள். அன்று சசிகுமாருக்கு வீட்டில் ஆறிப்போன சோறுதான் கிடைத்தது.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரை ஒரு தடவை வரச் சொல்லுங்க. அவருக்குச் சொன்னா டக்குனு புரியும்."

"எங்கிட்டயே சொல்லுங்கண்ணே. நான் புரிஞ்சிக்கிறேன்."

இங்கே விலை கேட்டுவிட்டுப் போய் வடலூரில் விசாரிக்கிறாள் என்று அவன் முடிவுகட்டினான். பேரம் பேசாதவள் வாங்கவும் மாட்டாள். இது அவன் பார்த்த வியாபாரம்.

ஆனாலும் என்னவோ, சென்னைக்கு ஒரு போன் போட்டு லித்தியம் பேட்டரி ஒன்றை வரவழைத்து வைத்திருந்தான். எடை குறைவு. எப்படிச் சாய்த்தாலும் கொட்டாது. தண்ணீர் புகாத பெட்டியில் வைத்து மேலே கட்டிவிடலாம். விலை மட்டும் கார் பேட்டரியைப் போல மூன்று மடங்கு.

இன்று அதைத்தான் காட்டினான். அவள் அதை ஒரு சுற்று தடவிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் போட்டாலும் மூணு ராத்திரி எரியுமாண்ணே?"

அவ்வளவுதான். நாலு தடவை அடக்கி வைத்திருந்தது வெடித்தது.

"ஏம்மா, சின்னப் படகு. விடியறதுக்கு முன்ன போய்ட்டு மத்தியானத்துக்குள்ள கரைக்கு வந்துடும். மூணு ராத்திரி நடுக்கடல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு யாரு உட்கார்ந்திருக்கப் போறா? என் உயிரை ஏன் வாங்குற?"

மணிமொழி கோபப்படவில்லை. பேட்டரி மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

"எங்க வூட்டுக்காரரும் மத்தியானம் வந்துடறேன்னுதாண்ணே போனாரு. இஞ்சின் நின்னுபோச்சு. கூட ஒருத்தரு இருந்தாரு. பழைய கார் பேட்டரி. மொத ராத்திரி லைட்டு எரிஞ்சிதாம். ரெண்டாம் ராத்திரி பாதியில நின்னுபோச்சு. மூணாம் ராத்திரி, தேடிப் போன படகு இவங்களுக்குப் பக்கத்துலயே போச்சாம். இவங்க கத்தியிருக்காங்க. இஞ்சின் சத்தத்துல காதுல வுழல. இருட்டுல கண்ணுக்கும் தெரியல."

சசிகுமார் ஸ்டூலை இழுத்து அவள் பக்கம் போட்டான்.

"அஞ்சாம் நாளு, கூடப் போனவர மட்டும்தான் உசுரோட கொண்டாந்தாங்க. அவருதான் இதெல்லாம் சொன்னாரு."

சசிகுமார் போய் ஷட்டரை முழுசாக மேலே ஏற்றினான். பேட்டரியில் ஒரு பல்பை மாட்டி எரியவிட்டுக் காட்டினான். சீட்டில் மறுபடியும் கணக்குப் போட்டு, மூன்று ராத்திரி போக நாலாவது ராத்திரிக்கும் மிச்சம் இருக்கும் என்று நிதானமாகச் சொன்னான். முனைகளில் கிரீஸ் தடவினான். தண்ணீர் புகாத பெட்டியைத் தன் கணக்கில் சேர்த்துக் கொடுத்தான்.

சொன்ன விலையை அவள் அப்படியே கொடுத்தாள்.

யாருக்காக இத்தனை விலையில் வாங்குகிறாளோ, மகன்தான் இப்போது கடலுக்குப் போகிறான் போலிருக்கிறது என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். வாரண்டி கார்டை எடுத்து விரித்தான்.

"பேரு சொல்லும்மா."

"இளம்பரிதின்னு எழுதுங்கண்ணே."

"பையனா?"

"எனக்குப் புள்ளைங்க இல்லீங்க," என்றாள் மணிமொழி. "போன மாசம் எங்க படக வெலைக்கு வாங்குனவரு. அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆவுது."